இரண்டு டின் நல்லெண்ணெய்

விருதுநகர்
12-4-1987

அன்புள்ள வைதேகிக்கு உன் மதினி சொர்ணம் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், என் மகள் நிரஞ்சனா மூவரும் சுகம். ஃபிஜியில் நீ, என் தம்பி சுந்தரராஜன், மூன்று மாத மகாராஜா முகிலன் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

போட்டோ வந்தது. பிள்ளைக்கு எங்கள் வீட்டு மூக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் காலைப் பார்த்தேன், வறண்டு கிடக்கிறது. அந்த ஊரில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்கிற வழக்கமே கிடையாதா? நாலு தலைமுறையாக எள் ஆட்டுகிற வீட்டில் பிறந்தவன் இப்படி இருந்தால் ஊர் என்னைத்தான் கேட்கும்.

அதனால் சுந்தரம் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற சயின்ஸ் வாத்தியார் கையில் இரண்டு டின் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கருப்பட்டி போட்டு, நான் பக்கத்தில் நின்று ஆட்ட வைத்தது. தினமும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய். கஞ்சத்தனம் பண்ணாதே.

நிரஞ்சனா பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். மில்லில் வந்து அப்பாவுக்கு ஒத்தாசையாக உட்காரடி என்றால் வாசலிலேயே தும்ம ஆரம்பித்துவிடுகிறாள். அப்படி ஒரு நடிப்பு.

சுந்தரத்துக்குக் கையில் சுளுக்கா? ஒரு வரி எழுதச் சொல்.

அன்புடன்
சொர்ணம்


ரக்கிரக்கி
10-5-1987

அன்பும் மரியாதையும் உள்ள மதினிக்கு, வைதேகி வணக்கம். இங்கே மூவரும் நலம். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

டின் இரண்டும் சிந்தாமல் வந்து சேர்ந்தன. மூடியைத் திறந்ததும் உங்கள் தம்பி மோந்து பார்த்தார். இட்லிப் பொடிக்கு ஒரு கரண்டி கேட்டார். கொடுக்கவில்லை. முழுதும் முகிலனுக்கே என்று சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன். கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உர்மிளா வந்து பிடித்துக்கொள்வாள். அவள் பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் பாதி, இந்தி பாதி. "அக்கா, பச்சா நல்லா மோட்டா ஆயிடுச்சி" என்று நேற்று சொன்னாள். பச்சா என்றால் பிள்ளை, மோட்டா என்றால் குண்டு. கண் படக் கூடாதென்று நான் உடனே தரையைத் தட்டினேன்.

முட்டியிலும் கழுத்து மடிப்பிலும் லேசாகச் சிவந்திருக்கிறது. வேர்க்குரு என்று நினைக்கிறேன்.

உங்கள்
வைதேகி

அக்கா, நலம். சுந்தரம்.


விருதுநகர்
5-6-1987

அன்புள்ள வைதேகி, நாங்கள் உடம்புக்குச் சுகம், மனசுக்கு இல்லை. ஃபிஜியில் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் உலகப் படத்தை விரித்து ஃபிஜியைத் தேடினார். ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலா என் தம்பி இருக்கிறான் என்று அழுதேன்.

புறப்பட்டு வந்துவிடுங்கள். மில்லுக்கு மேலே மாடி காலியாகத்தான் இருக்கிறது. முன் அறை, சமையலறை, காற்று பிய்த்துக்கொண்டு போகும். முற்றத்தில் எள் காய்வதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம்.

வேர்க்குருவாவது ஒன்றாவது! திருஷ்டி. அந்த உர்மிளா குண்டு என்றாள் இல்லையா? மிளகாயும் உப்பும் சுற்றிப் போடு. எண்ணெயை இன்னும் ஒரு கை கூட அள்ளித் தேய். சூடு தணியும்.

சொர்ணம்

சுந்தரத்துக்கு: நீ எழுதிய ஒரு சொல்லை மூன்று தடவை படித்தேன்.


ரக்கிரக்கி
1-7-1987

மதினிக்கு வணக்கம். நாங்கள் பத்திரமாக இருக்கிறோம், பயப்படாதீர்கள். பட்டாளமெல்லாம் தலைநகர் சுவாவில். இங்கே கரும்பும் மாடும்தான். சம்சாரிகள் கரும்பை வெட்டாமல் இருப்பதால் பினாங்கு மில் என்று இங்கே இருக்கிற சர்க்கரை ஆலையின் புகைபோக்கி மட்டும் சும்மா நிற்கிறது. பள்ளியில் நான்கு ஆசிரியர்கள் ஆக்லாந்துக்கும் வான்கூவருக்கும் மனுப் போட்டுவிட்டார்கள். டீ குடிக்கிற அறையில் வேறு பேச்சே கிடையாது.

சிவப்பு கூடிவிட்டது. சொறிந்து சொறிந்து கன்னம் புண்ணாகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்திராவதி பார்த்தார். சில பிள்ளைகளுக்குச் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாதாம். தாய் சாப்பிடுவதுகூடப் பால் வழியாகப் போகுமாம். "வாய்க்குள்ளே போறது எல்லாத்தையும் எழுதி வை" என்றார். கரும்பு மில் கேலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முதல் வாரம் முட்டை இல்லை. அடுத்த வாரம் மீன் இல்லை. இப்போது பசும்பாலும் கத்தரிக்காயும் இல்லை. ரசமும் சோறும் நானும்தான் மிச்சம். உர்மிளா என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க சாது ஆயிட்டீங்க" என்கிறாள். பலன் ஒன்றும் தெரியவில்லை.

எண்ணெய் தவறாமல் தேய்க்கிறேன். சுற்றியும் போட்டேன். மிளகாய் நெடி வந்து எல்லோரும்தான் இருமினோம்.

வைதேகி

அக்கா, நான் நலம். மனைவி இளைத்துவிட்டாள். சுந்தரம்.


விருதுநகர்
24-7-1987

வைதேகிக்கு ஆசீர்வாதம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

பிள்ளை பெற்றவள் ரசம் குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பால் எங்கிருந்து வரும்? அந்த டாக்டரம்மாவுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டு எழுது. கத்தரிக்காயைக் குற்றம் சொல்வதை நிறுத்து. அது யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. எண்ணெயை மட்டும் விடாதே.

சொர்ணம்


ரக்கிரக்கி
18-9-1987

அன்புள்ள மதினிக்கு, இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். அண்ணன் சுகமா? நிரஞ்சனாவுக்கு ஜாதகம் வந்திருக்கிறதாமே, என்ன ஆயிற்று?

நல்ல சேதி. முகிலன் தோல் தெளிந்துவிட்டது. ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. தூங்குகிறான், சிரிக்கிறான், உர்மிளாவின் கம்மலைப் பிடித்து இழுக்கிறான். நானும் கத்தரிக்காய், முட்டை, மீன் எல்லாம் பழையபடி சாப்பிடுகிறேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டின் இரண்டும் தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது இங்கே கிடைக்கிற தேங்காய் எண்ணெய்தான் தேய்க்கிறேன்.

வேறு என்ன எழுத? மழை நன்றாகப் பெய்கிறது.

வைதேகி


விருதுநகர்
12-10-1987

என் செல்ல வைதேகிக்கு! நாங்கள் சுகம், பரம சுகம்.

நான் சொன்னேனா இல்லையா? இரண்டு டின்னில் சூடெல்லாம் இறங்கிவிட்டது பார். உன் கடிதத்தை மில்லில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கேலண்டர் பின்பக்கம் எழுதச் சொன்ன டாக்டரிடமும் இதைச் சொல்.

தேங்காய் எண்ணெயெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு? தீபாவளிக்குப் பார்சல் போட்டுவிட்டேன். ஒரு டின் எண்ணெய், ஒரு டப்பா எள்ளுருண்டை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பருவம் வந்துவிட்டதே, அத்தை கையால் முதல் இனிப்பு.

மறுபடியும் ஒரு புரட்சி என்று ரேடியோ சொல்கிறது. ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை புரட்சி வேண்டும்? டிசம்பரில் சுந்தரத்தின் ஒப்பந்தம் முடிகிறது. மாடிக்கு வெள்ளையடித்தாயிற்று. தொட்டில் கொக்கியும் மாட்டியாயிற்று. தேதி எழுது.

சொர்ணம்


ரக்கிரக்கி
20-12-1987

மதினிக்கு வணக்கம். மூவரும் நலம். உங்கள் நலத்தை வேண்டுகிறேன்.

பார்சல் நவம்பர் கடைசியில் வந்தது. மிகவும் நன்றி.

ஆசிரியர்கள் பாதிப் பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டதால் ஏப்ரல்வரை இருந்துவிட்டுப் போகும்படி பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஊருக்குத்தான் வருகிறோம். மதுரையில் ஒரு பள்ளியில் இவருக்கு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். விருதுநகரிலிருந்து தினமும் போய் வருவது சிரமம். மாடியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தவறாக நினைக்க வேண்டாம்.

வைதேகி


விருதுநகர்
8-1-1988

வைதேகிக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரம். ஊரில் பாதிப் பேர் போய் வருகிறார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு எங்கள் மாடி போதாது என்று நேராகவே எழுதியிருக்கலாம். எள்ளுருண்டை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. கொக்கியைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

சொர்ணம்


ரக்கிரக்கி
27-1-1988

என் அன்பு மதினிக்கு, உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இவர் எழுத வேண்டாம் என்றார். "அக்கா தாங்க மாட்டா" என்றார். நீங்கள் எங்களைத் தப்பாக நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

முகிலனுக்கு எள் ஆகாது.

ஆகஸ்டில் எண்ணெய் தீர்ந்ததும் தோல் தெளிந்ததல்லவா? எனக்கு அப்போதே உறுத்தியது. வாய்க்குள் போவதையெல்லாம் எழுதினேன், மேலே பூசுவதை எழுதத் தோன்றவே இல்லை. நல்லெண்ணெயைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? உங்களிடம் எப்படிச் சொல்வேன்? இவரிடம்கூடச் சொல்லவில்லை. எள்ளு வீட்டுப் பிள்ளையாயிற்றே, சிரிப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் பார்சலைப் பிரித்திருந்தோம். நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் உங்கள் உருண்டையில் பயறளவு கிள்ளி, நசுக்கி, "அத்தை அனுப்பிச்சது" என்று சொல்லி ஊட்டினார். பிள்ளை சப்புக்கொட்டினானாம். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மதினி, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டர். இரண்டாவது புரட்சிக்குப் பிறகு இங்கே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக் கூடாது, டாக்ஸி ஓடக் கூடாது, கடை திறக்கக் கூடாது என்று சட்டம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் மட்டும் போகலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிங்ஸ் ரோட்டுக்கு ஓடினோம். சர்ச்சுக்குப் போகிற லாரி ஒன்று வந்தது! வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பாட்டுக் குழுவினர் இருபது பேர். இவர் நடு ரோட்டில் நின்று கையை விரித்தார். ஸலோட்டே என்று ஒரு பெரிய அம்மாள், ஆறடி இருப்பார், என்னை அப்படியே மேலே தூக்கிவிட்டார். பிள்ளையைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். லாரி சர்ச்சுக்குத் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

வழியில் பட்டாளத்துச் சோதனை. ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு கையைக் காட்டினான். ஸலோட்டே அம்மாள் எழுந்து நின்று ஃபிஜி மொழியில் போட்டார் ஒரு போடு. அவன் தடுப்பைத் தூக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவர் தங்கை மகனாம்! மீதி வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்கள். எனக்கு அந்தப் பாட்டின் பொருள் தெரியாது. ஆனால் நானும் வாயசைத்தேன்.

டாக்டர் இந்திராவதி தொடையில் ஊசி போட்டார். பத்து நிமிஷத்தில் மூச்சு சீராகிவிட்டது. அரை மணியில் அவர் கழுத்தில் தொங்கிய குழாயைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

எண்ணெய்க் கதையைச் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "தோல் வெடிச்சிருந்தா அது வழியாவும் உடம்பு எள்ளைத் தெரிஞ்சு வெச்சுக்கும். அடுத்த தடவை வாய்க்குப் போனா சண்டைக்கு வரும்" என்றார். சிவப்பு மட்டும் என்றால் காத்திருந்து பார்க்கலாமாம். உதடு வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாதாம். இனி அவனுக்குப் புதிதாக எது கொடுத்தாலும் ஒன்றே ஒன்று, துளியளவு, அதுவும் காலையில், மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. கோயில் புளியோதரை கூடாது, அதில் எள்ளுப்பொடி உண்டு. வளர்ந்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

இப்போது சொல்லுங்கள் மதினி, எள் காய்கிற முற்றத்துக்கு மேலே நான் எப்படி அவனை வைத்துக்கொள்வேன்? உங்கள் மாடி எங்களுக்குச் சின்னது இல்லை. அதில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

உங்கள்
வைதேகி

அக்கா, தப்பு எண்ணெய் மேல் இல்லை, உங்கள் மேலும் இல்லை. ஊட்டியது நான். பிள்ளை இப்போது நாலு காலில் வீடு முழுக்க ஓடுகிறான். கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். சுந்தரம்.


விருதுநகர்
14-3-1988

வைதேகி, சுந்தரம், என் தங்க முகிலன் மூவருக்கும்,

உங்கள் சுகத்தைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை நான் முழுசாகப் படிக்கவில்லை. "எள் ஆகாது" என்ற இடத்திலேயே மடித்து அலமாரியில் போட்டுவிட்டேன். கோபம். நம் எண்ணெயில் ஊரே பிள்ளை வளர்த்திருக்கிறது, நேற்று வந்தவள் குற்றம் சொல்கிறாளே என்று பத்து நாள் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணன்கூடப் பயந்து இரண்டு தோசையோடு எழுந்துவிடுவார்.

நிரஞ்சனா அலமாரியைத் திறந்து அதைப் படித்திருக்கிறாள். வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, எனக்கும் அப்படித்தான். எள்ளு தின்னா தொண்டை அரிக்கும். மில்லுக்குள்ள வந்தா மூக்கு அடைச்சுக்கும்" என்றாள். ஏண்டி, இருபத்தோரு வருஷமா வாயில கொழுக்கட்டையா என்று கேட்டேன். "ஆறு வயசுல சொன்னேன்மா. செக்கும் மில்லும் வச்சிருக்கிற வீட்டுப் பொண்ணுக்கு எள்ளு ஆகாதாம்னு நீங்க எல்லாருட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. அப்புறம் நான் சொல்லலை" என்றாள்.

வைதேகி, நான் சிரித்தது எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி இந்தப் பிள்ளையை இழுத்து வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தேனே. சோம்பேறி, நடிப்புக்காரி என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துக் கடைசிவரை படித்தேன். விசில் சத்தம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மறுபடியும் அழுதேன். அந்த ஆறடி அம்மாளுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடு. ஆறடிக்குச் சேலை போதுமா தெரியவில்லை.

இப்போது வீட்டில் நிரஞ்சனாவுக்குத் தனிச் சட்டி, தனித் தாளிப்பு. டாக்டரிடமும் காட்டியாயிற்று. வருஷம் பூராவும் இருந்த சளி மூன்று வாரத்தில் போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். காபியோடு அனுப்பிவிட்டேன்.

மதுரையில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தரை, சுவர், அலமாரி எல்லாம் சோடா போட்டுக் கழுவச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். சாமிக்கு அங்கே நெய் விளக்குத்தான்.

ஒன்று கேட்க வேண்டும். நான் மெட்ராஸ் விமான நிலையத்துக்கு வருகிறேன். பத்து நாள் முன்பிருந்தே மில் பக்கம் போக மாட்டேன். சேலையைத் தனியாகத் துவைத்து வைத்திருக்கிறேன். ஆனால் என் தலையில் நாற்பத்தெட்டு வருஷத்து எண்ணெய். சீயக்காய் போட்டு நாலு தடவை அலசியும், நிரஞ்சனா மோந்து பார்த்துவிட்டு இன்னும் வாசனை வருகிறது என்கிறாள். பிறந்த நாளிலிருந்து போட்டோவில் மட்டுமே பார்த்த பிள்ளை. என்னால் அவனுக்கு இன்னொரு தடவை ஏதாவது ஆனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

நான் அவனைத் தூக்கலாமா? வேண்டாம் என்றால் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன், வருத்தப்பட மாட்டேன். எனக்காகப் பூசி மெழுகி எழுதாதே. உள்ளதை எழுது.

சொர்ணம்


ரக்கிரக்கி
30-3-1988

அன்பு மதினிக்கு, இங்கே எல்லோரும் சுகம். நிரஞ்சனாவுக்குச் சளி விட்டதைக் கேட்டு மனசு குளிர்ந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் இந்திராவதிக்கு இந்தியில் படித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துவைத்த சேலை, அலசிய தலை, சோப்புப் போட்டுக் கழுவிய கை, இவ்வளவு போதுமாம். முதலில் அவன் முகத்தை உங்கள் தலைமுடிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றும் பூசி மெழுகவில்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு காலையில் இறங்குகிறோம். வெளியே வந்ததும் உங்கள் காலில் விழவோ பேசவோ எனக்கு நேரம் இருக்காது, முதல் வேலையாக அவனை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

தூக்கலாம் மதினி. பத்தரைக் கிலோ இருக்கிறான். இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றாகத் தூக்கலாம்.

உங்கள்
வைதேகி